அட்டையில் இல்லாத ஊசி: உப்புவெளி வீடொன்றில் பூனை லியூகீமியா

சூடைக்கு அந்தப் பெயர் வந்தது திருகோணமலையின் திருக்கடலூர் கரையில். வலை உதறிய இடத்தில் கிடந்த சூடை மீனொன்றைக் கவ்விக்கொண்டு ஓடிய இரண்டு மாதக் கடுவன் குட்டியை ரீச்சரின் பேரன் துரத்திப் பிடித்து உப்புவெளி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். பதினொரு மாதம் கழித்து, கச்சான் காற்று புழுதியை அள்ளி வீசிய ஒரு ஆடி மாதக் காலையில், அதே சூடை மரக்கறிக் கூடைக்குள் துவாய் சுற்றிய பொட்டலமாக, மிருக வைத்தியரான என் மேசைக்கு வந்தது.

ரீச்சர் ஓய்வு பெற்று ஏழெட்டு வருடமாகிறது. வீட்டில் பூனை ஆறு. என்னைவிட முப்பது வயது மூத்தவர் என்பதால் நான் அவருக்கு டொக்டர் இல்லை, தம்பி.

"மூண்டு கிழமையாச் சாப்பாட்டில மனமில்லை தம்பி. மீன் பொரிச்சுக் குடுத்தாலும் மணந்து பார்த்திட்டுப் போயிடுது."

வாயைத் திறந்து பார்த்தேன். முரசு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். சூடையின் முரசு துருவிய தேங்காய்ப்பூ நிறத்தில் இருந்தது. விரலால் அழுத்திவிட்டு, நிறம் திரும்பி வர எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது எங்கள் வழக்கம். இங்கே திரும்பி வர நிறமே இல்லை. ஆறு மாத வயதில் நலமடிக்கக் கொண்டுவந்தபோது 3.1 கிலோ இருந்தது, இப்போது 2.3. காய்ச்சல் 39.9 பாகை செல்சியஸ், பூனைக்கு 39.2 வரை சரி, அதற்கு மேல் போனால் யோசிக்க வேண்டும். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் நிணநீர்க் கணுக்கள் புளியங்கொட்டை அளவுக்குத் தட்டுப்பட்டன. வால் அடியில் கொஞ்சம் தெள்ளு.

இரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சுழற்றிப் பார்த்தால் சிவப்பணுக்கள் 12 சதவீதம்தான். நல்ல பூனைக்கு 30க்கு மேல் இருக்கும். அதைவிட என்னை நிறுத்தியது கண்ணாடித் தகட்டில் பார்த்த படம். தெள்ளு குடித்தோ, தெள்ளு பரப்பும் மைக்கோபிளாஸ்மாக் கிருமியாலோ இரத்தம் குறைந்தால், எலும்பு மச்சை பதறிப்போய் இளம் சிவப்பணுக்களை அள்ளி வெளியே விடும். சூடையின் தகட்டில் இளம் அணுக்கள் கிட்டத்தட்ட இல்லை. இரத்தம் வெளியே போகவில்லை, உள்ளே உற்பத்தியே நின்றுவிட்டது என்றுதான் அதை வாசிக்க வேண்டும். ஒரு வயதுப் பூனையில் மச்சை இப்படி முடங்கினால் முதலில் நினைவுக்கு வருவது ஒரு வைரஸ்.

உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் சோதனைத் தகடு ஒன்று இருக்கிறது. மூன்று சொட்டு இரத்தம், சில சொட்டுக் கரைசல், பத்து நிமிடம். ஒரு பக்கம் பூனை லியூகீமியா வைரஸின் பி27 என்ற புரதத்தைத் தேடும். மறுபக்கம் 'பூனை எயிட்ஸ்' என்று சொல்லப்படும் வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் பிறபொருளெதிரியைத் தேடும். பத்து நிமிடம் காத்திருக்கத் தேவைப்படவில்லை. நான்காவது நிமிடத்திலேயே லியூகீமியாப் பக்கம் கோடு விழுந்துவிட்டது. ரீச்சர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக் குனிந்து பார்த்தார். "இரண்டு கோடு எண்டால் நல்லதோ கூடாதோ?" என்றார். கொரோனாக் காலம் அந்தக் கேள்விக்கான பதிலை எல்லோருக்கும் ஏற்கனவே சொல்லிக் கொடுத்திருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை.

"எல்லா ஊசியும் போட்டது தானே?"

கூடையின் அடியிலிருந்து ஊசி அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். ஒழுங்கான அட்டை. ட்ரைகட் இரண்டு தடவை, விசர் நாய்க்கடி ஊசி ஒரு தடவை, மருந்துச் சிட்டைகள் வரிசையாக ஒட்டப்பட்டு, திகதியும் கையெழுத்தும் இடப்பட்டு. கையெழுத்து என்னுடையது.

"இதில லியூகோ எண்டு கிடக்கு. நீங்கள் இப்ப சொல்லுறதும் லியூகோ. அப்ப இது அந்த ஊசி இல்லையோ?"

ஆசிரியர் என்றால் ஆசிரியர்தான். என்னிடம் வருகிற பாதிப் பேர் இந்தக் குழப்பத்தில்தான் இருக்கிறார்கள், ஆனால் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. சிட்டையில் இருந்தது பான்லியூகோபீனியா. அது ஒரு பார்வோ வைரஸ். வயிற்றைப் பிடித்து, வெள்ளணுக்களை ஒரேயடியாக வீழ்த்தி, குட்டிகளைச் சில நாட்களுக்குள் கொல்வது. லியூகோ என்றால் கிரேக்கத்தில் வெள்ளை. பீனியா என்றால் குறைவு. லியூகீமியா வேறு கதை: மெல்ல வருடக்கணக்கில் தின்கிற ரெட்ரோ வைரஸ், அதாவது தன் மரபணுவை உயிரணுக்களின் மரபணுவுக்குள் ஒட்டிவிடுகிற வகை. ட்ரைகட் ஊசி பான்லியூகோபீனியாவையும், தும்மல் நோய்க்குக் காரணமான ஹெர்பிஸ், கலிசி என்ற இரண்டு வைரஸ்களையும் மறிக்கும். பெயரிலேயே மூன்று இருக்கிறது. லியூகீமியா அந்த மூன்றில் இல்லை. அதற்குத் தனி ஊசி.

இந்த இடத்தில் என் பிழையையும் எழுதிவிட வேண்டும். சூடையை நலமடித்த அன்று இரத்தம் கையில் இருந்தது, பூனை மயக்கத்தில் இருந்தது, சோதனைத் தகடு அலுமாரியில் இருந்தது. நான் சோதிக்கவில்லை. கரையில் பொறுக்கிய குட்டி, வேறு மூன்று பூனையும் வாழும் வீடு என்று தெரிந்தும் கேட்கவில்லை. அட்டை நிரம்பியிருந்தது, மனமும் நிரம்பிவிட்டது.

ஒரே தட்டம்

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில் ஒரு பெரிய அலுமினியத் தட்டம். ஆறு பூனையும் ஒரே நேரத்தில் வட்டமாக நின்று சாப்பிடும் அழகைப் பார்க்க அயலட்டைப் பிள்ளைகள் மதிலில் ஏறுவார்களாம். சாப்பிட்டு முடிந்ததும் ஒன்றை ஒன்று நக்கிவிடும். மற்றவர்களுக்கு அது பாசம், எனக்கு அது பரவல் பாதை. இந்த வைரஸ் நோயுற்ற பூனையின் எச்சிலில் ஏராளமாக வெளியேறுகிறது. நக்குவது, ஒரே தட்டத்தில் தின்பது, குடிப்பது, கடிப்பது எல்லாம் வழி. தாயிடமிருந்து கருவிலும் பாலிலும் குட்டிக்குப் போகும். சூடைக்கு அப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். தாயைத் தேடி யாரும் திருக்கடலூருக்குப் போகவில்லை.

வைரஸ் உடலுக்கு வெளியே மிக நோஞ்சான். காய்ந்த இடத்தில் சில மணி நேரம்கூடத் தாங்குவது அபூர்வம், சவர்க்காரத்துக்கே செத்துவிடும். ஆகவே வீட்டுக்கு வெள்ளை அடிக்கச் சொன்ன பக்கத்து வீட்டு மாமியின் யோசனையை விட்டுவிடலாம். பேரனுக்குத் தொற்றுமா என்பதுதான் உண்மையில் ரீச்சரைத் தூங்க விடாத கேள்வி. தொற்றாது. மனிதருக்கும் நாய்க்கும் இது வருவதில்லை. சிறுபிள்ளைகளின் லியூகீமியாவுக்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவில்லை.

ஐந்து பூனைக்கும் வாசல் திண்ணையில் வைத்தே இரத்தம் எடுத்தேன். அம்மாச்சிக்கு 11 வயது. அந்த வீட்டின் உண்மையான அதிபர் அவள்தான். வெள்ளையனுக்கு 9. கறுப்பிக்கு 4. சிப்பியும் சோகியும் நான்கு மாதக் குட்டிகள். ஐந்து கிழமைக்கு முன் யாரோ பிஸ்கட் பெட்டியில் போட்டு கேற்றடியில் வைத்துவிட்டுப் போனவை. பெரியவர்கள் மூவருக்கும் கோடு விழவில்லை. சோகிக்கும் இல்லை. சிப்பிக்கு விழுந்தது, மங்கலாக.

பெரியவர்கள் தப்பியது தற்செயல் இல்லை. வயது ஏறஏறப் பூனையின் உடல் இந்த வைரஸை எதிர்க்கப் பழகுகிறது. நாலு மாதத்துக்குக் குறைந்த குட்டிதான் இதற்கு மிக இலகுவான இரை. ஆனாலும் அந்த எதிர்ப்புச் சக்தி இரும்புக் கதவில்லை. வைரஸ் கக்கும் பூனையோடு மாதக்கணக்கில் ஒரே தட்டத்தில் தின்றால் வளர்ந்த பூனையும் விழலாம்.

சூடையை முன் அறைக்கு மாற்றினோம். சிப்பிக்குக் குளியலறைப் பக்கத்துச் சாமான் அறை. தட்டம் போய், தேங்காய்ச் சிரட்டை போல ஆளுக்கொரு சின்னக் கோப்பை வந்தது. சூடைக்கு டொக்சிசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தேன், மைக்கோபிளாஸ்மாவும் சேர்ந்திருந்தால் அதையாவது அடக்கலாமே என்று. தெள்ளுக்கு மருந்து, பசிக்கு மருந்து. இரத்தம் ஏற்றுவது பற்றிப் பேசினோம். பூனைக்கும் இரத்த வகை உண்டு, வகை பார்க்காமல் ஏற்றினால் அதிலேயே சாகலாம், வகை பார்த்து ஏற்றினாலும் முடங்கிய மச்சைக்கு அது சில கிழமைத் தவணைதான். ரீச்சர் வேண்டாம் என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

ஊசி எதைச் செய்யும், எதைச் செய்யாது

இந்த வைரஸ் 1964இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட்டும் அவரது குழுவினரும் கண்டுபிடித்தது. ஒரே வீட்டில் பூனைகள் அடுத்தடுத்து நிணநீர்ப் புற்றால் செத்ததைப் பார்த்து, புற்று தொற்றுமா என்று கேட்டதில் தொடங்கிய வேலை. உப்புவெளி வீட்டில் நின்றபோது அந்த முதல் வீடுதான் நினைவுக்கு வந்தது. முதல் தடுப்பூசி 1985இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மனிதரின் எச்.ஐ.வி.யும் ரெட்ரோ வைரஸ்தான், அதற்கு இன்னமும் தடுப்பூசி இல்லை. பூனைக்கு நாற்பது வருடமாக இருக்கிறது. நாங்கள் அதைக் கேட்டு வாங்குவதில்லை, அவ்வளவுதான்.

இன்று உலகத்தில் புழங்குவது மூன்று விதம். முழு வைரஸைக் கொன்று, நோயெதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருளோடு சேர்த்துத் தருவது ஒன்று. வைரஸின் வெளியுறைப் புரதத்தைப் பக்டீரியாவில் வளர்த்து எடுத்துத் தருவது இன்னொன்று. மூன்றாவது, கனேரிக் குருவியின் அம்மை வைரஸுக்குள் பூனை வைரஸின் மரபணுத் துண்டை ஏற்றி அனுப்புவது. அதில் துணைப்பொருள் தேவையில்லை. எதுவாக இருந்தாலும் முறை ஒன்றுதான்: எட்டுக் கிழமை வயதுக்குப் பிறகு முதல் ஊசி, மூன்று நாலு கிழமை விட்டு இரண்டாவது, ஒரு வருடத்தில் ஊக்க ஊசி. அப்புறம் பூனை எப்படி வாழ்கிறது என்பதைப் பார்த்து வருடா வருடமோ, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவையோ.

ஒரு ஊசியோடு நின்றால் போட்டதாகக் கணக்கில்லை. பாதுகாப்பு கூடி வருவது இரண்டாவது ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று கிழமையில்.

இந்த ஊசி வைரஸ் உடலுக்குள் கால் வைப்பதையே தடுக்கும் என்று நம்பக்கூடாது. ஊசி போட்ட பூனையிலும் வைரஸின் மரபணு சில உயிரணுக்களுக்குள் ஒட்டிக்கொள்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஊசி தடுப்பது அதற்கு அடுத்த கட்டத்தை: வைரஸ் இரத்தத்தில் நிரந்தரமாக ஓடி, மச்சையைப் பிடித்து, எச்சிலில் கொட்டத் தொடங்குகிற நிலையை. பூனையைக் கொல்வது அந்த நிலைதான். அந்த நிலைக்குப் போன பூனைகளில் பெரும்பாலானவை மூன்று வருடத்துக்குள் இறந்துவிடும். நூற்றுக்கு நூறு காக்கும் என்று எந்த உற்பத்தியாளரும் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை.

ஏற்கனவே வைரஸ் பிடித்த பூனைக்கு இந்த ஊசியால் ஒரு பலனும் இல்லை. தீங்கும் இல்லை, ஆனால் காசு வீண், அதைவிடக் கூடாதது வீட்டாருக்கு வரும் பொய்யான நிம்மதி. ஆகவே சோதனை முதல், ஊசி பிறகு. ஊசி போட்டால் பின்னர் சோதனையில் பொய்க்கோடு விழுமோ என்று பயப்படத் தேவையில்லை. சோதனை தேடுவது வைரஸின் புரதத்தை, பிறபொருளெதிரியை அல்ல.

ரெஜிபோம் பெட்டி

மருந்து என் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கவில்லை. கொழும்பில் சொல்லிவைத்து எடுப்பிக்கப் பன்னிரண்டு நாள் ஆனது. நாலு பூனை, ஆளுக்கு இரண்டு என்று எட்டுப் போதும், பத்துச் சொன்னேன். இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். விடிய ஐந்தரைக்குத் திருகோணமலை பஸ் நிலையத்தில் நடத்துநர் தூக்கித் தந்த ரெஜிபோம் பெட்டியைத் தொட்டபோது சில்லென்று இருந்தது. பலர் அதோடு திருப்திப்பட்டுவிடுவார்கள். எனக்குச் சில்லென்று இருப்பதுதான் கவலை.

இந்த ஊசிகள் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். வெயிலில் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. துணைப்பொருள் கலந்த மருந்து ஒரு தடவை உறைந்தால் அந்தக் கலவை உடைந்துவிடுகிறது; உருகிய பின் குலுக்கிப் பார்த்தால் பழையபடி கலங்காமல் திட்டுத் திட்டாக அடியில் இறங்கும். பெட்டியைத் திறந்தால், ஐஸ் கட்டிக்கும் மருந்துக்கும் இடையில் வைக்கச் சொன்ன கடதாசி ஒரு பக்கம் வழுக்கிப் போயிருந்தது. இரண்டு குப்பிகள் ஐஸோடு ஒட்டி, கழுத்துவரை வெள்ளையாக உறைந்திருந்தன. அவற்றை வேறாக்கி வீசினேன். மிச்சம் எட்டு. கணக்கு அப்படியே பொருந்தியது. பத்துச் சொன்ன புத்திக்கு ஒரு கும்பிடு.

அன்றைக்கே அம்மாச்சி, வெள்ளையன், கறுப்பி, சோகி நால்வருக்கும் முதல் ஊசி. சோகியைப் பற்றி எனக்குள் ஒரு இழுபறி இருந்தது. ஐந்து கிழமை சூடையோடும் சிப்பியோடும் ஒரே தட்டத்தில் தின்றவள். இன்று கோடு விழாவிட்டாலும் வைரஸ் உள்ளே அடைகாத்துக்கொண்டு இருக்கலாம். ஆறு கிழமை பொறுத்து மறுபடி சோதித்துவிட்டுப் போடுவதுதான் சுத்தமான வழி. ஆனால் அந்த ஆறு கிழமையும் அவள் அதே வீட்டில்தான் இருக்கப் போகிறாள், குட்டியாக. வீணானால் இரண்டு ஊசி வீண், பலித்தால் ஒரு பூனை மிச்சம். போட்டேன். வேறொரு மிருக வைத்தியர் பொறுத்திருப்பார். அவரோடு நான் சண்டை பிடிக்க மாட்டேன்.

ஊசியைப் பிடரியில் போடாமல் இடது பின்னங்காலில், முழங்காலுக்குக் கீழே போட்டதைப் பார்த்து ரீச்சர் காரணம் கேட்டார். மிக அபூர்வமாக, ஆயிரத்திலிருந்து பல ஆயிரத்துக்கு ஒரு பூனையில், ஊசி போட்ட இடத்தில் மூர்க்கமான ஒரு சதைப்புற்று வருகிறது. 1991இல் அமெரிக்காவில் நோயியலாளர்கள் இதை முதலில் எழுதினார்கள். பிடரியில் வந்தால் வெட்டி எடுப்பது பெரும்பாடு, காலில் வந்தால் காலை எடுத்தாவது உயிரைக் காக்கலாம். லியூகீமியா ஊசிக்கு இடது கால், விசர் ஊசிக்கு வலது கால் என்று ஒதுக்கிவைப்பது, எந்த ஊசியின் இடம் என்று பின்னர் தேடாமல் இருக்க. இந்தப் பயத்தில் ஊசியையே கைவிடுவது, எங்கள் ஊர்க் கணக்கில், மழைக்குப் பயந்து கடலில் குதிப்பது.

வீட்டில் பார்க்க வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தேன்: கட்டி மூன்று மாதத்துக்கு மேல் நின்றால், இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் பெருத்தால், ஊசி போட்டு ஒரு மாதத்துக்குப் பிறகும் வளர்ந்துகொண்டிருந்தால், உடனே வாருங்கோ. ரீச்சர் கலண்டரில் எழுதிவைத்தார். கறுப்பியின் காலில் பயறளவு ஒரு கட்டி வந்தது. மூன்றாம் கிழமை போய்விட்டது.

ஆறு கிழமைக்குப் பிறகு

இரண்டாவது ஊசி மூன்று கிழமை கழித்து, ஆவணியில். அந்த நாளில் சூடை நடக்கும்போதே தள்ளாடியது. டொக்சிசைக்கிளினுக்குக் காய்ச்சல் இறங்கியதே தவிர, சிவப்பணுக்கள் ஏறவில்லை. கடைசியாகப் பார்த்தபோது 9 சதவீதம். முதல் நாளிலிருந்து ஏழாவது கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை இரவு, முன் அறைக் கதிரையில் ரீச்சரின் பழைய சேலை மேல் செத்துப்போனது. பேரன் வேப்பமரத்தடியில் புதைத்து, மேலே ஒரு சூடை மீன் வைத்தானாம். காகம் தூக்கிக்கொண்டு போனதில் அவனுக்குப் பெரிய கோபம்.

மறுசோதனையில் பெரியவர்கள் மூவருக்கும் கோடு இல்லை. சோகிக்கும் இல்லை. எனக்கு வியப்புத் தந்தது சிப்பி. முதலில் மங்கலாகக் கோடு விழுந்தவள், இப்போது சுத்தமான ஒற்றைக் கோடு. நம்ப முடியாமல் இன்னொரு தகட்டில் பார்த்தேன், பிறகு இரண்டு மாதம் விட்டுப் பார்த்தேன். அதே முடிவு.

இது மந்திரமில்லை, பொய்ச் சோதனை என்று முடிவுகட்டவும் அவசரப்படக்கூடாது. சில பூனைகளின் உடல் வைரஸை இரத்தத்திலிருந்து விரட்டி அடக்கிவிடுகிறது. வைரஸின் மரபணு உயிரணுக்களுக்குள் தூங்கும். எச்சிலில் கொட்டுவதில்லை, வழமையான தகட்டிலும் தெரிவதில்லை. அப்படியான பூனை நெடுநாள் வாழலாம். உடல் கடுமையாகப் பலவீனப்பட்டால், அல்லது ஸ்ரீரொயிட் மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்தால், தூங்கியது எழும்பவும் கூடும். ஆகவே சிப்பியின் அட்டையில் சிவப்பு மையால் ஒரு வரி எழுதியிருக்கிறேன், அடுத்த மிருக வைத்தியர் யாரோ அவருக்காக. சிப்பிக்கு லியூகீமியா ஊசி போடவில்லை. அவளும் மற்றவர்களோடு சேர்ந்துவிட்டாள். கோப்பைகள் மட்டும் தனித்தனி.

முதல் நாளே 'கோடு விழுந்தது, இந்தக் குட்டியை முடித்துவிடுவோம்' என்று நான் சொல்லியிருந்தால் ரீச்சர் அழுதுகொண்டு சம்மதித்திருப்பார். அப்படிச் சொல்லும் பழக்கம் எங்கள் தொழிலில் இருந்தது. ஒரு தகட்டின் ஒரு கோட்டில் பூனையின் ஆயுளை எழுதக்கூடாது.

சோகி தப்பியது ஊசியாலா, அதிர்ஷ்டத்தாலா என்று சிலர் கேட்டார்கள். ஒரு பூனையை வைத்து அதைச் சொல்ல முடியாது. அவள் ஊசிக்கு முன்பே வைரஸைத் தோற்கடித்திருக்கலாம். சூடையைப் பிரித்ததே போதுமாக இருந்திருக்கலாம். ஊசியின் பலம் எனக்குத் தெரிவது இந்தத் திண்ணையிலிருந்து இல்லை, பல வருடத்துப் பரிசோதனைகளிலிருந்து. 2007இல் ஸ்பெயினின் டொனானாவில் அப்போது அருகிவந்த ஐபீரிய லின்க்ஸ் காட்டுப் பூனைகளுக்குள் இதே வைரஸ் புகுந்தபோது, காட்டில் ஒவ்வொன்றாகப் பிடித்துச் சோதித்து, தொற்றாதவற்றுக்கு ஊசி போட்டு விட்டார்கள். காட்டில் செய்ய முடிந்ததை உப்புவெளியில் செய்யலாம்.

போன ஆவணியில் நால்வருக்கும் ஊக்க ஊசி முடிந்தது. அம்மாச்சிக்கு 12 வயதாகிவிட்டது, வெளியே போவதில்லை. அவளுக்கு இனி இந்த ஊசி வேண்டாம் என்று எழுதினேன். வெள்ளையனும் கறுப்பியும் மதில் தாண்டுபவர்கள், ஆகவே தொடரும். சோகி 3.2 கிலோ.

மதிலில் ஒரு காது கிழிந்த கடுவன் இரவில் வந்து உறுமுகிறது என்று ரீச்சர் சொல்கிறார். நலமடித்து, சோதித்து, விட வேண்டும். கூண்டு வைத்து மூன்று கிழமை. பொரித்த மீனைத் தின்றுவிட்டுக் கதவு விழுவதற்கு முன் போய்விடுகிறது.